விரல் அகலத்தில் ஒரு மங்கல்

என் அண்ணனின் வாட்ச்சில் இன்றைக்கும் ஒரு இடம் மங்கலாக இருக்கிறது. சாவி திருகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ஸ்டீல் கேஸின் ஓரத்தில், ஒரு விரல் அகலத்துக்கு. மற்ற இடத்திலெல்லாம் முகம் பார்க்கலாம். அந்த இடத்தில் மட்டும் முடியாது. அதைச் செய்தது நான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைப்படி செய்தது அப்பா.

அப்பாவுக்கு லாலாகுடாவில் ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை. ரயில் பெட்டிகளின் கைப்பிடி, தாழ்ப்பாள், வாஷ்பேசின் எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளப்பாக்குவார். தாத்தா காலத்திலேயே அரக்கோணத்திலிருந்து ரயில்வேயோடு ஹைதராபாத் வந்துவிட்ட குடும்பம். நாங்கள் பேசும் தமிழில் பாதி அரக்கோணம், மீதி இந்த ஊர். ஆமாம் என்று சொல்ல 'ஹவ்' என்போம், வேண்டாம் என்று சொல்ல 'நக்கோ' என்போம். குவார்ட்டர்ஸை விட்டு உப்பலில் இரண்டு ரூம் கட்டிக்கொண்டு வந்தபோதும் அப்பா சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தார். எங்கள் வீட்டுத் தாம்பாளத்தில் முகம் பார்த்து நான் பொட்டு வைத்துக்கொள்வேன். கண்ணாடி வாங்குகிற காசு மிச்சம் என்று அண்ணன் கேலி செய்வான்.

அண்ணனுக்கு கச்சிபௌலியில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது. உப்பலிலிருந்து கச்சிபௌலி என்றால் ஊரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும். தினமும் பைக்கில் போய் வந்தான். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை, எனக்கு சல்வார், அப்பாவுக்குச் சட்டை எடுத்தான். தனக்கென்று வாங்கியது அந்த ஸ்டீல் வாட்ச் ஒன்றுதான். அப்பா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணி என்ன காட்டுகிறது என்று பார்க்கவில்லை. ஓரங்களை மட்டும் கட்டை விரலால் தடவிவிட்டு, "பினிஷிங் பரவால்ல" என்றார். அப்பாவின் அகராதியில் பரவாயில்லைக்கு மேலே வார்த்தையே கிடையாது. அண்ணன் அன்று முழுக்கக் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

கையை மேசை விளிம்பில் வைத்து நாளெல்லாம் கீபோர்ட் தட்டுகிறவர்களின் வாட்ச்சுக்கு மாதம் ஒன்றுகூட ஆயுசு கிடையாது. கேஸிலும் செயினிலும் முடி முடியாகக் கீறல் விழும். அப்பாவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால் ஒரு வழக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வாட்ச்சைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைப்பான். அப்பா குளித்துவிட்டு வந்து கண்ணாடி மேல் செலோடேப் ஒட்டி, பழைய பனியன் துணியில் பாலிஷ் பசையைத் தொட்டு, அரை மணி நேரம் தேய்த்துத் திரும்ப அதே கட்டையில் வைப்பார்.

"இன்னாடா, இந்த வாரம் இவ்ளோ கோடு?"

"ஆபீஸ் டேபிள்பா."

"டேபிளுக்கு ஒரு துணி போட்டுக்கக் கூடாதா?"

"கம்பெனில நக்கோன்னுடுவாங்கப்பா."

அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதென்றால் வாரத்துக்கு இவ்வளவுதான். இரண்டு பேருமே கல்லுளிமங்கர்கள். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்காக அப்பா வாரம் முழுக்கக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். ஒர்க் ஷாப்பிலிருந்து சின்னதாக நல்ல, மெத்தென்ற ஃபெல்ட் துணி கிடைத்தால் ஞாயிறுக்கென்று மடித்துக்கொண்டு வருவார்.

அப்போது எனக்குப் படிப்பு முடிந்திருந்தது, வேலை இல்லை. ஊரெல்லாம் வாக்-இன் இன்டர்வியூ நடந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேகம்பேட்டில் ஒரு கால் சென்டருக்கு ஆள் எடுத்தார்கள். அண்ணன் ஏதோ ரிலீஸ் வேலை என்று ஆபீஸிலேயே கிடந்து விடிந்த பிறகுதான் வந்தான். வாட்ச்சைக் கட்டையில் வைத்துவிட்டுச் சுருண்டு படுத்தான். அப்பா வழக்கம்போல் தேய்த்து வைத்தார். கிளம்பும்போது அது ஜன்னலில் மினுங்கியது. ஆண்கள் கட்டும் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போனால் கொஞ்சம் தைரியசாலி மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். கேட்காமலே எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். இறங்குகிற அவசரத்தில் கை கதவுக் கம்பியில் உரசியது. கேஸின் ஓரத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு கீறல். நல்ல ஆழம்.

நேராக அப்பாவிடம் கொடுத்திருந்தால் அன்றைக்கே சரியாகியிருக்கும். ஆனால் எனக்குத் திமிர். தேய்க்கிறவர் மகளுக்குத் தேய்க்கத் தெரியாதா என்ற திமிர். அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கடியிலிருந்து அவர் தகர டப்பாவை இழுத்து, இரும்பு தேய்க்கும் எமரி தாள் ஒன்றைக் கிழித்தேன். அப்பா எமரியை எப்போதும் ஒரு சின்னத் தேக்குக் கட்டையில் சுற்றித்தான் பிடிப்பார். துளி எண்ணெய் விடுவார். எனக்கு அதற்கெல்லாம் ஏது பொறுமை? விரலில் சுற்றிக்கொண்டு வறட்டு வறட்டென்று தேய்த்தேன். கீறல் போய்விட்டது. கூடவே பளபளப்பும் போய்விட்டது. பளபளப்பை வரவழைக்க இன்னும் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்த ஸ்டீல் கொதிக்கிற பாலின் ஆவி பட்டதுபோல் வெளுத்துக் கிடந்தது. பசை போட்டும் பார்த்தேன், அசையவில்லை. சத்தமில்லாமல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அண்ணன் எழுந்து வந்தான். அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு இதைத் தொட்டது?"

யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் என் வாய் முந்திக்கொண்டது. "அப்பாதான் காலைல தேய்ச்சிக்கினு இருந்தாரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குக்கூடக் கொஞ்சம் கை நடுங்கும். எனக்கு நடுங்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். எழுந்து போய் வாட்ச்சை வாங்கி அந்த இடத்தைப் பார்த்தார். கட்டை விரலால் ஒரு முறை தடவினார்.

"ஹவ்" என்றார். "கொஞ்சம் ஓவரா போயிடிச்சி. இரு, அரை மணி நேரத்துல சரி பண்ணிடறேன்."

அண்ணன் வாட்ச்சை அவர் கையிலிருந்து பிடுங்கினான். "நக்கோ. இனிமே இதைத் தொடாதீங்க. ரயில் கக்கூஸ் கதவைத் தேய்க்கற கையால எல்லாத்தையும் தேய்க்கணுமா?"

அம்மா பூண்டை வைத்துவிட்டாள். அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை. தூக்கமில்லாத கண், ஆபீஸில் யாரோ ஏசியிருந்தார்கள், எல்லாம் சேர்ந்து கொட்டிவிட்டது. சொன்ன மறு நிமிஷமே அவன் முகம் கறுத்தது. ஆனால் திரும்ப வந்து மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அப்பா மீதி டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, சைக்கிளைத் துடைக்கப் போனார்.

அன்றிலிருந்து பதினோரு நாள் இரண்டு பேரும் பேசவில்லை. பேச வேண்டியது ஏதாவது இருந்தால் என் வழியாகப் பேசினார்கள். அதாவது, பொய் சொன்னவளே தபால்காரி. அண்ணன் அந்தக் கோபத்தையெல்லாம் என்மேல் பாசமாகத் திருப்பினான். அடுத்த ரவுண்டு இன்டர்வியூவுக்கு என்னைத் தயார் செய்தான். எதிரில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பெரிய ஆபீசர் மாதிரி இங்கிலீஷில் கேள்வி கேட்பான். நான் உளறினால் விழுந்து விழுந்து சிரிப்பான். பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் மிர்ச்சி பஜ்ஜி வாங்கித் தந்தான். "வேலை கெடைச்சதும் உனக்கும் ஒரு வாட்ச் வாங்கித் தரேன்" என்றான். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பஜ்ஜி ஆறிவிடும் என்று தள்ளிப்போடுவேன். இப்படியே போனது.

நடுவில் ஒரு ஞாயிறு வந்தது. ஜன்னல் கட்டை காலியாக இருந்தது. அப்பா குளித்துவிட்டு வந்து அந்தக் கட்டையைப் பார்த்தார். பனியன் துணியை எடுத்துத் தாம்பாளத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். அது முந்தின நாள்தான் தேய்த்த தாம்பாளம்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் வானம் மூடியிருந்தது. "ரெயின் கோட் எடுத்துனு போவச் சொல்லு" என்றார் அப்பா என்னிடம். அண்ணன் இரண்டடி தள்ளித்தான் ஷூ போட்டுக்கொண்டிருந்தான். "வேணாம்னு சொல்லு" என்றான். நான் இரண்டையும் திரும்பச் சொன்னேன், வேடிக்கைக்காக. அண்ணன் சிரித்தான். அப்பாகூட லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. சரியாகிவிடும், இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடும் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

கச்சிபௌலி போகும் வழியில், அவன் ஆபீஸுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், ஒரு தண்ணீர் டேங்கர் அவனை இடித்தது.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முகத்தை மட்டும் காட்டினார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை. கழுத்துவரை துணி. அவனோடு வேலை செய்கிற பையன் ஒருவன் அழுதுகொண்டே, "உடம்புல ஒரு கீறல்கூட இல்லம்மா. தலைக்குள்ளதான் அடி" என்று அம்மாவிடம் சொன்னான். நல்ல மனசோடு சொன்ன பொய். இடது கையை நான் துணிக்கடியில் பார்த்தேன், சொல்லவில்லை. அம்மா அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும், "எம் புள்ளைக்கு ஒரு கீறல் இல்ல. தூங்கற மாதிரி இருந்தான்" என்றாள். தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கில் சொன்னாள், பக்கத்து வீட்டு பேகத்திடம் இந்தியில் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் அழவில்லை.

காரியத்துக்கு நாலு நாள் இருக்கும்போது போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். நானும் அப்பாவும் போனோம். ஒரு காக்கிக் கவரில் பர்ஸ், கம்பெனி ஐடி கார்டு, வாட்ச். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்த்துக் கோபம்தான் வந்தது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சுற்றியிருந்த ஸ்டீல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தது. மேல் விளிம்பில் மூன்று கீறல்கள் பக்கம் பக்கமாக, உள்ளே தார் கறுப்பு. செயின் சேரும் மூலையில் இன்னும் ஒன்று. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் பையின்மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார்.

பதினாறாம் நாள் படையலில் போனவருடைய சாமான்களைப் படத்துக்கு முன்னால் வைப்பது எங்கள் வழக்கம். சட்டை, பேனா, அவன் பிடிவாதமாகக் குடிக்கும் பெரிய டீ டம்ளர் எல்லாவற்றையும் அம்மா எடுத்து வைத்திருந்தாள். "வாட்ச் குடுத்தாங்களா?" என்றாள்.

"நாளன்னிக்குத் தரேன்னாங்க" என்றார் அப்பா.

மறுநாள் மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த பிறகு, அப்பா டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். நானும் போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். செயினைக் கழற்றிக் கண்ணாடிக்கு டேப் ஒட்டினார். குண்டூசியால் கீறலுக்குள்ளிருந்த தாரைச் சுரண்டினார். அந்தக் கறுப்பை ஊதித் தள்ளாமல் ஒரு துணியில் சேர்த்து மடித்தார். எமரியைத் தேக்குக் கட்டையில் சுற்றினார். இரண்டு சொட்டு எண்ணெய்.

"போயிடுமாப்பா?"

"கீறலை எடுக்கறதுன்னு ஒண்ணு கெடையாதும்மா. சுத்தி இருக்கற ஸ்டீலை அது ஆழத்துக்கு எறக்கணும். அவ்ளோதான்."

இரண்டு மணி நேரம் இறக்கினார். கரடுமுரடு தாளிலிருந்து மெல்லிய தாளுக்கு, அதிலிருந்து ஃபெல்ட்டுக்கு. ஒன்று ஒன்றாக மூன்று கீறலும் போயின. மூலையில் இருந்ததும் போனது. அவர் கண்ணீர் விடவில்லை. மூக்கை மட்டும் தோளில் அடிக்கடி துடைத்துக்கொண்டார். கடைசியில் வாட்ச் கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரி ஆகிவிட்டது, ஓரத்தில் அந்த ஒரு விரல் அகலம் தவிர. அதைத் தொடாமலே டப்பாவை மூடினார்.

"அதையும் எடுத்துடுங்கப்பா" என்றேன்.

"அதைத் தொடாதேன்னு சொல்லிட்டான்."

"அப்பா, அது நான் பண்ணது" என்றேன். பஸ், கம்பி, எமரி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழுதுகொண்டே கொட்டினேன். அப்பா செயினை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"கட்டை வெச்சித் தேய்ச்சா சமமா இருக்கும். இதுல குழி வுழுந்திருக்கு. வெரலால தேய்ச்சது." தன் கட்டை விரலை எடுத்து அந்த மங்கலின் மேல் வைத்தார். அது இரண்டு பக்கமும் வெளியே நின்றது. "இது என் வெரலா?"

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? அவன் உங்களை எப்படிப் பேசினான்!"

"சொன்னா உங்கூட பேசாம இருந்திருப்பான். மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினா பத்து பதினஞ்சு நாள் ஆவும் அவனுக்கு. நீ தாங்க மாட்டே. எங்கூட பேசாங்காட்டி இன்னா, நாங்க எப்பவும் பேசறவங்களா? தானா சரியாப் பூடும்னு வுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போனார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மிர்ச்சி பஜ்ஜி, கால்மேல் கால் போட்ட ஆபீசர், வாங்கித் தருவதாகச் சொன்ன வாட்ச், அவன் விழுந்து விழுந்து சிரித்தது, எல்லாம் ஞாபகம் வந்தது. என் அண்ணனின் கடைசிப் பதினோரு நாள். அதில் எனக்குச் சேர வேண்டியது மௌனம்தான். அதை அப்பா வாங்கிக்கொண்டு, அவருடைய பங்கை எனக்குக் கொடுத்திருந்தார்.

பதினாறாம் நாள் காலையில் வாட்ச் அம்மா கைக்கு வந்தது. சுற்றிலும் சொந்தக்காரர்கள், அரக்கோணத்திலிருந்து வந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாத்தீங்களா? ஒரு கீறல் இல்ல" என்று எல்லோருக்கும் காட்டினாள். பிறகு அவள் விரல் ஓரத்தில் போய் நின்றது. அவள் முகம் மாறியது.

"இது நீங்க தேய்ச்சிக் கெடுத்தது" என்றாள் அப்பாவைப் பார்த்து. குரல் உயரவில்லை. "இதனாலதான் எம் புள்ள உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசாமலே போயிட்டான்."

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஒரு முறை அசைத்தார், வேண்டாமென்று.

"ஹவ்" என்றார் அம்மாவிடம். "என் கைதான்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அப்பா தடுத்ததால்தான் மூடிக்கொண்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது என் இரண்டாவது பொய். அவர் தடுக்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அம்மா அந்த வாட்ச்சை பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் இருந்தவரை அப்பாவை அதைத் தொட விடவில்லை. எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. கச்சிபௌலியிலேயே ஒரு அபார்ட்மென்ட்டில் குடியிருக்கிறேன். அம்மா இருந்த நாளில் ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பலுக்குப் போவேன். அப்பா குளித்துவிட்டு வந்து ஜன்னல் கட்டையை ஒரு தடவை பார்ப்பார், பிறகு தாம்பாளத்தை எடுத்துக்கொள்வார். அம்மா அடுப்படியிலிருந்து, "எதைத் தேய்ச்சி எதைக் கெடுக்கப் போறீங்களோ" என்பாள். ஒவ்வொரு முறையும் அப்பா, "ஹவ்" என்பார். ஒவ்வொரு முறையும் நான் அங்கேதான் இருந்தேன்.